யானை ஏறிய தள்ளுவண்டி

என் நாத்தனார் கட்டைவிரலால் மென்பொருள் எழுதுகிறவள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பக்கத்திலிருந்து பார்த்திருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். சோபாவில் மல்லாந்து படுப்பாள், போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள், இரண்டு கட்டைவிரல்களும் அதன் மேல் ஓடத் தொடங்கும். மாதத்துக்கு இரண்டு முறையாவது போன் நழுவி மூக்கில் விழும். அப்போதும் நிறுத்த மாட்டாள். லிஃப்டில் ஏறும்போது நாலு வரி, இறங்கும்போது நாலு வரி. ஒருமுறை வங்கியில் அவளுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது, அடைப்புக்குறியை மூடிவிட்டு வருகிறேன் என்று கவுண்டர்க்காரரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அதெல்லாம் ஆகாது. மேசை வேண்டும், நாற்காலி வேண்டும், முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே யானை வேண்டும். யானை என்பது என் கணினி. முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டி, இரண்டு பெரிய திரைகள், தட்டினால் கீழே சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்குமளவுக்குச் சத்தம் போடும் விசைப்பலகை. பாகம் பாகமாக வாங்கி, சமையலறை மேசையில் பரப்பி, நானே பூட்டியது. அதன் முன்னால் உட்கார்ந்தால் நான் ராணி. எழுந்துவிட்டால் வெறும் பல் டாக்டர் பெண்டாட்டி.

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கம்பெனி. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு சோபா, ஒரு மேசை, ஒரு யானை. கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் சரக்கு இருப்பைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். ஆறு வருடமாக எழுதுகிறோம், ஆறு வருடமாகச் சண்டையும் போடுகிறோம். இந்தக் காலத்தில் யார் அண்ணி மேசையில் உட்காருகிறார்கள் என்பாள் அவள். உட்காராமல் எழுதியது நிற்காது என்பேன் நான். இதைத் தீர்த்துவைக்கும்படி இரண்டு பேரும் அவளுடைய அண்ணனிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம் போனபோது அவர் சொன்ன பதில் இதுதான்: "நான் பல் டாக்டர். என்கிட்ட வாயைத் திறந்து காட்டுங்க, அதுக்கு மேல எதையும் கேக்காதீங்க."

அப்புறம் குளிர்க்கிடங்கு வந்தது.

உறைய வைத்த பட்டாணி, சோளம், மீன் என்று பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் பெரிய கிடங்கு அது. எந்த வரிசையில் எத்தனை பெட்டி என்பதை இன்னமும் காகிதத்தில்தான் குறித்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். பேச்சு என்றால் அவருக்கு "ம்" மட்டும்தான். சரி என்பதற்கும் ம், சரியில்லை என்பதற்கும் ம், போய்வாருங்கள் என்பதற்கும் அதே ம். எங்களிடம் மென்பொருள் கேட்டார். நாங்கள் இருவரும் ஒன்றாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அவள் போனுக்கு ஒன்று எழுதினாள், நான் யானைக்கு ஒன்று எழுதினேன், இரண்டையும் காட்டுவோம், அந்த அம்மாள் எதைச் சொல்கிறாரோ அதுதான் என்று முடிவாயிற்று.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. யானையைப் பார்த்தால் பழைய பொருட்காட்சிச் சாலை ஞாபகம் வருகிறது என்று அவள் அன்றைக்கு வாயை விட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு தாளை எடுத்து எழுதினேன்: தோற்றவள் ஒரு வருடம் தன் கருவியைத் தொடக்கூடாது, ஜெயித்தவளின் முறையில்தான் வேலை செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். தாளைச் சுவரில் ஒட்டினோம். எனக்குக் கோபம் வந்தால் பேனா எங்கே இருக்கிறது என்று மட்டும் உடனே தெரிந்துவிடும்.

கோபம் இறங்கிய பிறகு பயம் ஏறியது. எனக்கு நாற்பத்தேழு வயது. என் கட்டைவிரல்கள் குட்டை, அதோடு தடி. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் எழுதிப் பழகினேன். நாற்பது நிமிடத்தில் பதினொரு வரி வந்தது. அதிலும் மூன்று வரிகள் தப்பு. கழுத்து பிடித்துக்கொண்டது. அந்தக் கோப்புக்குச் "சும்மா" என்று பெயர் வைத்துச் சேமித்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது விஷயம் தெளிவாகவே தெரிந்தது. பந்தயத்தில் தோற்றால் யானை மட்டும் போகாது. எனக்கு இந்தத் தொழிலே போய்விடும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

காட்ட வேண்டிய நாள் காலையில் ஒரு வேடிக்கை. நான் எழுதிய மென்பொருள் யானையைத் தவிர வேறெதிலும் ஓட மறுத்தது. இரண்டு வருடமாக யானைக்குள் நான் போட்டு வைத்திருந்த ஏதேதோ சில்லறைகளை அது நம்பியிருந்தது. எவை என்று எனக்கே மறந்துவிட்டது. கிடங்கு அலுவலகத்தில் நல்ல கணினி இருந்தும், நான் யானையையே காரில் ஏற்ற வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு அரை நாள் விடுமுறை போட்டுவிட்டு ஓட்டினார். முன் இருக்கையில் இரண்டு திரைகளுக்கும் சேர்த்து பெல்ட் போட்டேன். பின்னால் நான் யுபிஎஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டேன், மின்சாரம் போனால் யானையை இருபது நிமிடம் தாங்கும் பெட்டி அது. கறுப்புப் பெட்டி யார் மடியில் என்கிறீர்கள். என் நாத்தனார் மடியில்தான். தன்னைத் தோற்கடிக்கப்போகும் கணினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் அது ஆடாமல் அணைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய கருவி சட்டைப் பையில் இருந்தது. அதை நாலு தடவை எடுத்துக் காட்டினாள்.

முதலில் அவள் முறை. எங்கள் எல்லோருக்கும் தடித்த கோட்டும் கையுறையும் கொடுத்து மைனஸ் பதினெட்டு டிகிரிக்குள் அழைத்துப் போனார்கள். மூச்சு புகையாக வெளியே வந்து முகத்துக்கு முன்னால் நின்றது. மேலாளரம்மாள் கையைக் கட்டிக்கொண்டார். கிடங்கு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். என் நாத்தனார் போனை எடுத்தாள், சிரித்தாள், விரலை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கையுறை போட்ட விரல் அந்தப் போனுக்கு விரலாகவே தெரியவில்லை. கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். நாலு பெட்டி எண்ணுவதற்குள் விரல் மரத்துப்போய், திரும்ப மாட்டிக்கொண்டாள். பிறகு, நான் பொய் சொல்லவில்லை, மூக்கால் தட்டினாள்.

மூக்கு வேலை செய்தது. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு பார்வை, குனிந்து ஒரு தட்டு. கம்பளித் தொப்பி போட்ட ஓர் ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் சோளப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டார். ஆறாவது தட்டில் போன் அணைந்தது. எண்பது சதவீதம் இருந்த பேட்டரி, குளிர் தாங்காமல் அப்படியே படுத்துவிட்டது. அக்குளில் வைத்துச் சூடேற்றி எழுப்பினாள், மறுபடியும் படுத்தது. மூன்று முறை எழுப்பினாள். மேலாளரம்மாள் "ம்" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், அந்தக் குளிரில் எனக்கு ஆடவேண்டும் போல் இருந்தது.

அடுத்து என் முறை. கதகதப்பான அலுவலக அறையில் யானையைப் பூட்டி, இரண்டு திரைகளிலும் என் மென்பொருளை விரித்தேன். ஒரே பக்கத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள். எது எங்கே என்று எனக்கு மனப்பாடம். கம்பளித் தொப்பிக்காரர் உள்ளே போய் ஏழாவது வரிசையை எண்ணிவிட்டு வந்து சொல்ல வேண்டும், நான் பதிய வேண்டும். அவர் போனார். கதவைத் திறந்து, பிளாஸ்டிக் திரையை விலக்கி, இன்னொரு கதவைத் திறந்து, கையுறையைக் கழற்றி, மூக்கைத் துடைத்து, என் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தார்.

"நாப்பத்தாறா, அறுபத்துநாலா," என்று என்னையே கேட்டார்.

திரும்பிப் போனார். திரும்பி வந்தார். இந்த முறை எண் சரியாக இருந்தது, வரிசை மறந்துவிட்டது. மூன்றாவது முறை அவர் கிளம்பியபோது மேலாளரம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினார். என் நாற்பத்திரண்டு கட்டங்களையும் ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக முழு வார்த்தைகள் வந்தன.

"காகிதமே போதும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பேரும் தோற்றால் என்ன என்று அந்தத் தாளில் நாங்கள் எழுதவே இல்லை.

அலுவலக வாசலில் பெட்டிகள் ஏற்றும் தட்டையான தள்ளுவண்டி ஒன்று கிடந்தது. அதில் போய் இருவரும் உட்கார்ந்தோம். அவளுடைய மூக்கு நுனி தக்காளிச் சிவப்பில் இருந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் பேசினாள்.

"அண்ணி, அந்தச் 'சும்மா' கோப்பை நான் பார்த்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்தமான எதையும் கம்பெனிக்குப் பொதுவான இடத்தில் சேமிக்கக் கூடாது என்று அவளுக்கு ஆறு வருடமாகப் பாடம் எடுத்தவள் நான்தான்.

"பதினொரு வரி," என்றாள். "பார்த்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. நான் ஜெயிச்சா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சேன். சரி, நான் தோத்தா என்ன ஆகும்னு நீங்க இல்லாதப்ப உங்க நாற்காலில உக்காந்து பார்த்தேன்."

"எவ்வளவு நேரம் உக்காந்தே?"

"ஒன்பது நிமிஷம். அதுக்கு மேல கால் தானா எந்திரிச்சிடுச்சு."

முதலில் நான்தான் சிரித்தேன். ஒன்பது நிமிடமும் பதினொரு வரியும். இந்த லட்சணத்தில் சுவரில் பத்திரம் வேறு. விழுந்து விழுந்து சிரித்தோம். வண்டியின் சக்கரங்கள் எங்களைத் தாங்காமல் நகர்ந்து, இருவரையும் மெதுவாகச் சுவரில் கொண்டுபோய் முட்டின. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சிரிப்பை நிறுத்தாமலே சொன்னேன், யானையை உள்ளே கொண்டுபோவோம் என்று.

அவள் உடனே பிடித்துக்கொண்டாள். விசைப்பலகைக்குக் கையுறையும் ஒன்றுதான், வெறும் விரலும் ஒன்றுதான். என் நாற்பத்திரண்டு கட்டங்கள்தான் வேண்டாம். அவளுடைய மென்பொருளோ ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேட்கும். எந்த வரிசை, எத்தனை பெட்டி, அவ்வளவுதான். அதன் பிரதி யானைக்குள் எப்போதும் இருக்கும். அவள் படுத்தும் நின்றும் எழுதுவதெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் யானையின் வயிறுதான், அதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஆபத்து ஒன்று இருந்தது. குளிருக்குள் போகும்போது யானை தாங்கும், உள்ளே அதற்கென்று சூடு உண்டு. வெளியே வரும்போதுதான் உடம்பெல்லாம் வேர்த்து, உள்ளே ஈரம் இறங்கும். அதன் பிறகு பிழைத்தாலும் பிழைக்கும், இல்லாமலும் போகும். யோசித்தேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான் யோசித்தேன். பிறகு திரைகளைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

யானைக்குக் கம்பளி சுற்றி, யுபிஎஸ்ஸைப் பக்கத்தில் வைத்து, நான் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். உட்காராமல் எழுதியது நிற்காது என்று சொன்னவள் ஆயிற்றே. அவள் தள்ளினாள். எங்களிடம் இருபது நிமிடம் இருந்தது. கம்பளித் தொப்பிக்காரர் கதவைத் திறந்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் ஒதுங்கி நின்றார்.

உள்ளே போன பிறகுதான் அவள் முனகினாள். அவளுடைய மென்பொருளுக்கு விரல் தொடுவது மட்டும்தான் தெரியும். எண் விசையை அமுக்கினால் கண்டுகொள்ளாது. விசைப்பலகை என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவள் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது சொல்லிக் கொடுக்க வேண்டும், ஓடுகிற வண்டியில். கையுறைகளைக் கழற்றிக் கோட்டுக்குள் போட்டேன். அவள் எழுதியதைத் திறந்தேன். போன் திரையின் அகலத்துக்கு எழுதிப் பழகியவள், ஒவ்வொரு வரியும் நாலு சொல்லில் முடிந்தது. என் பெரிய திரையில் முக்கால்வாசி வெறுமை. இப்படி எழுதினால் எவ்வளவு சுலபமாகப் படிக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் தள்ளிக்கொண்டே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கீழே போங்க, இன்னும் கீழே, அங்கே ஒரு அடைப்புக்குறி திறங்க. பட்டாணி வரிசை போயிற்று. மீன் வரிசை போயிற்று. வண்டிக்கு ஒரு சக்கரம் கோணல், தரையிலோ உறைபனி. திருப்பத்தில் அவள் ஒருபக்கம் தள்ள, வண்டி தன்பாட்டுக்கு இன்னொரு பக்கம் போய், யானையும் நானுமாகச் சோளப் பெட்டிகளின் மேல் மெத்தென்று சாய்ந்தோம். என் மேல் நாலு பெட்டி. அப்போதும் விசைப்பலகையை விடவில்லை. அவள் மூச்சிரைக்க ஓடிவந்து, அடிபட்டதா என்று கேட்காமல், மூடினீங்களா என்று கேட்டாள். அடைப்புக்குறியைத்தான். மூடிவிட்டேன் என்றேன்.

ஆட்கள் பெட்டிகளை எடுத்துவிட்டு, வண்டியை நேராக்கி, இப்போது அவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். என் விரல்கள் மரத்து வெகுநேரம் ஆகியிருந்தது. கடைசி வரியை ஆள்காட்டி விரல் ஒன்றால் குத்திக் குத்தி முடித்தபோது யுபிஎஸ் ஆறு நிமிடம் என்றது. ஏழாவது வரிசையில் நிறுத்தினோம். கம்பளித் தொப்பிக்காரர் எண்ணினார். கையுறை போட்ட விரலால் நாலை அமுக்கினார், ஆறை அமுக்கினார், பிறகு பெரிய விசையை முஷ்டியால் ஒரு குத்து விட்டார். குளிரில் சோம்பிப்போன திரை ஒரு கணம் தாமதித்து, உள்ளங்கை அளவில் நாற்பத்தாறு என்று காட்டியது.

அவர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. யாரும் சொல்லாமல் வண்டியை அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போய் எண்ண ஆரம்பித்தார். நான் இன்னும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் மேலாளரம்மாள் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இரண்டு மணிக்கு மூன்று லாரிகள் வருகின்றன என்றார். அதுவரை வண்டி இங்கேயே ஓடட்டும், சுவர் ஓரமாக எல்லா வரிசைக்கும் மின்சாரம் இருக்கிறது, செருகிக்கொள்ளலாம் என்றார். வெளியே கொண்டுவந்தால் யானைக்கு வேர்க்கும் என்று நான் விளக்கினேன்.

"அப்ப கொண்டு போகாதீங்க," என்றார். "இதுதான் எங்களுக்கு வேணும். இங்கயே இருக்கட்டும்."

யுபிஎஸ் ஒரு நிமிடம் என்று கத்திக்கொண்டிருந்தது. நான் யானையைப் பார்த்தேன். கம்பளியைச் சுற்றிக்கொண்டு, மூச்சுப் புகை மூட்டத்தில் ஏழு ஆட்கள் நடுவே நின்றது. ஒரு வருடம் அதைப் பிரிய வேண்டுமே என்றுதானே வாரம் முழுக்கப் பயந்தேன், இப்போது ஒரேயடியாக விடச் சொல்கிறார்கள். ஆனால் என் கம்பெனி எழுதியதை இப்படி முஷ்டியால் குத்தி உபயோகித்தவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. இறங்கினேன். செருகியை நானே எடுத்துச் சுவரில் செருகினேன். யுபிஎஸ் கத்தலை நிறுத்தியது, அந்த வரிசை எண்ணி முடிந்ததும் யானை உறுமலை நிறுத்தாமல் அடுத்த வரிசைக்குப் போயிற்று.

திரும்பி வரும்போது முன் இருக்கையில் பெல்ட் மட்டும் இருந்தது. பின்னால் நாங்கள் இருவரும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு சண்டை போட்டோம். தோற்றது நான் என்றேன். அவள் எழுதியதைத்தானே எடுத்துக்கொண்டார்கள். இல்லை, நான்தான் தோற்றேன், ஓடுவது யானையில்தானே என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஜெயிப்பதற்குக்கூட நாங்கள் அவ்வளவு கத்தியதில்லை. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, ரெண்டு பேரும் வாயை மூடுங்க என்றார். தொழிலில் அதுவரை அவர் சொல்லியிராத வார்த்தை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் போனோடு மல்லுக்கட்டினேன். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். "சும்மா" கோப்பு பதினெட்டு வரியாயிற்று. கழுத்தில் தைலம் தடவிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அறைக்குப் போனால் சோபா காலி. அவள் என் நாற்காலியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மேசை முழுக்கப் பாகங்கள், திருகாணிகள், பிரித்த அட்டைகள். வாயில் ஒரு திருப்புளி. நடுவே யானை இருந்த இடத்தில் புதிதாக ஒரு கறுப்புப் பெட்டி, பாதி பூட்டியபடி நின்றது. கீழே சைக்கிள் கடைக்காரரைக் கொண்டு அடியில் நாலு சக்கரம் வேறு போட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் டீ ஆறி ஏடு படிந்திருந்தது, சுவரில் தாளைக் காணவில்லை.

"எப்ப வந்தே?" என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கு."

மணி பதினொன்று. கிண்டலாக ஏதாவது சொன்னால்தான் சமாளிக்க முடியும் என்று தோன்றியது.

"ஒன்பது நிமிஷம் ஆயிடுச்சே," என்றேன்.

அவள் திருப்புளியை வாயிலிருந்து எடுத்தாள், திரும்பவில்லை.

"ஆயிடுச்சா? நான் பாக்கல அண்ணி. அந்தச் சின்ன திருகாணியைக் கொஞ்சம் எடுங்க."